றொசல்லையிலிருந்து நூரளைக்கு: ஒரு நாள் சுற்றும் ஐந்து வேளைத் தீனியும்

பெயர்ப்பலகையில் நுவரெலியா என்றிருக்கும். தோட்டத்தில் யாரிடம் கேட்டாலும் நூரளை. இந்த அத்தியாயமும் அப்படியே அழைக்கும்.

நூரளையைப் பற்றி எழுதியவர்களில் பலர் கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ மேலே ஏறி வருகிறவரை மனதில் வைத்து எழுதியவர்கள். அவர்களுக்கு றொசல்ல என்பது வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவே கோச்சி ஜன்னலில் ஓடி மறையும் ஒரு மஞ்சள் பலகை. நான் சொல்லப்போவது தலைகீழான பயணம். றொசல்லையில் உறவுக்காரர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ இரவு தங்கியிருக்கிறீர்கள். விடியக் கிளம்பி நூரளை பார்த்துவிட்டு இருட்டிய பின் அதே வீட்டுக்குத் திரும்ப வேண்டும். ஒரு நாள் போதும். ஆனால் அந்த நாளை எப்படிச் செலவழிப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு.

நூரளையில் பார்க்க வைத்திருப்பதில் பெரும்பகுதி வெள்ளைக்காரன் தனக்காகக் கட்டிக்கொண்டது. சாப்பிட நன்றாக இருப்பதோ அவனுக்கு வேலை செய்ய வந்தவர்களும், அவர்களை நம்பிக் கடை போட்டவர்களும் அடுப்பில் ஏற்றியது. கட்டடங்களை மட்டும் பார்த்துவிட்டு ஹோட்டலில் சாப்பிட்டுத் திரும்பினால் பாதி ஊரைத்தான் பார்த்திருப்பீர்கள். மெக்சிக்கோவின் புவெப்லா நகரை 1531இல் ஸ்பானியர் தங்கள் ஆட்கள் குடியேறவென்றே அமைத்தார்கள். இன்று அங்கே போகிறவர்கள் தேவாலயங்களைப் படம் எடுத்த கையோடு, மிளகாயும் கொக்கோவும் சேர்த்து அரைத்த மோலே குழம்பைத் தேடிப் போகிறார்கள். நூரளையிலும் அதே புத்தி வேண்டும். கட்டடத்துக்கு ஒரு மணி நேரம் என்றால் கடைக்கும் ஒரு மணி நேரம்.

எந்த மாதம், எந்த நாள்

முதலில் மழை. றொசல்லைக்குப் பக்கத்து ஊரான வட்டவளை இலங்கையிலேயே அதிக மழை கொட்டும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல். சென்னையில் பெய்வதைப்போல மூன்றரை மடங்கு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையில் இந்தப் பக்கம் துணி காயாது, பாதையில் மண் சரியும், கோச்சி நிற்கும். நூரளையில் இதில் பாதி மழைகூட இல்லை. றொசல்லையில் ஊற்றுகிறதே என்று பயணத்தைக் கைவிட்டவர்கள் பின்னர், மேலே நல்ல வெயில் அடித்ததாகக் கேள்விப்பட்டு நொந்துகொள்வது வழக்கம்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை உத்தமம். வானம் தெளிந்திருக்கும். விடியற்காலையில் நூரளைப் புல்வெளிகளில் சில நாள் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத் தேயிலைக்கு மணம் கூடி வரும் பருவமும் அதுதான். ஆனால் அதே மாதங்களில் சிவனொளிபாதமலை யாத்திரையும் நடக்கும். சனி ஞாயிறுகளில் ஹட்டன் பஸ் நிலையம் யாத்திரிகர்களால் நிரம்பி வழியும். கிழமை நாளில் போங்கள்.

ஏப்ரலை நூரளைக்காரர்கள் 'சீசன்' என்பார்கள். குதிரைப் பந்தயம், கார் பந்தயம், மலர்க் கண்காட்சி, கொழும்பிலிருந்து வந்து குவியும் வாகனங்கள் என்று ஊர் திணறும். கூட்டம் பார்க்கப் பிரியமிருந்தால் போகலாம். ஊர் பார்க்க வேண்டுமென்றால் வேண்டாம். பத்தாம் திகதியை ஒட்டிய நாட்களையும் தவிர்க்கலாம். தோட்டச் சம்பளம் போட்டதும் டவுன்களில் கால் வைக்க இடமிருக்காது. ஆனால் அதுவும் ஒரு காட்சிதான், பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கும் முகங்களைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு.

விடியற்காலை றொசல்ல

ஐந்தரைக்கு எழும்புங்கள். மலை தெரியாது, பனி மூட்டத்துக்குள்ளிருந்து யாரோ இருமுவது கேட்கும். வீட்டுக்காரர் முதலில் தருவது சாயத் தண்ணி. பால் இல்லை, கோப்பைக்குள் சீனியும் இல்லை. உள்ளங்கையில் கொஞ்சம் சீனி கொட்டுவார்கள்; அதை நாக்கில் தொட்டுத் தொட்டுக் குடிக்க வேண்டும். சீனியை மிச்சப்படுத்தக் கண்டுபிடித்த வழக்கமென்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் வேறு சுகம் தெரிகிறது: கசப்பும் இனிப்பும் ஒன்றாகக் கலந்துவிடாமல் மாறி மாறி வரும்.

அடுத்தது ரொட்டி. மலையகத்தைப் புரிந்துகொள்ள ஒரேயொரு பண்டம் போதுமென்றால் நான் காட்டுவது இதைத்தான். கோதுமை மா, தேங்காய்ப் பூ, உப்பு. சில வீடுகளில் வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போடுவார்கள். கெட்டியாகப் பிசைந்து கையால் தட்டிக் கல்லில் போட்டு, இரண்டு பக்கமும் கரும்புள்ளி விழும்வரை விடுவார்கள். தமிழ்நாட்டுச் சப்பாத்தியை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் முதல் கடியில் திகைப்பார்கள். இது தடிமனான, பல்லுக்கு வேலை வைக்கிற ரொட்டி. அரிசியையும் மாவையும் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அந்த மா இப்படி ரொட்டியாகி மலைக்குப் போனது. மழையில் நின்றபடியே ஒரு கையில் பிடித்துத் தின்னலாம், மதியம்வரை கெடாது, இரண்டு தின்றால் மாலைவரை வயிறு கேட்காது.

தொட்டுக்கொள்ளக் கட்டச் சம்பல்: காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, கொஞ்சம் மாசிக் கருவாடு, தேசிக்காய்ப் புளி, எல்லாம் அம்மியில் இடிபட்டது. காரம் கண்ணில் தண்ணீர் வரவைக்கும். மிளகாய் நமக்கு வந்த வழியைத் தேடிப் போனால் போர்த்துக்கேயர் கப்பல் வழியாக மெக்சிக்கோப் பக்கம்தான் போய் நிற்கும். தேயிலை சீனத்தது, கோதுமை கப்பலில் வந்தது, மாசி மாலைதீவு வழக்கம், ரொட்டி தட்டும் கையின் பூர்வீகம் திருச்சியோ புதுக்கோட்டையோ. இத்தனையும் ஒரு லயத்துக் காம்பராவின் அடுப்படியில் ஒன்று சேர்ந்திருக்கிறது.

இரண்டு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கேட்டு வாங்கிப் பையில் வையுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

ஹட்டன், ஒரு தட்டு

றொசல்லையில் நிற்கும் வண்டிகள் குறைவு. காலையில் ஏறும் கோச்சிக்கு நேரம் சரிப்படாவிட்டால் பிரதான வீதிக்கு வந்து பஸ்ஸில் ஹட்டன் போவதுதான் நிச்சயமான வழி. ஹட்டன் என்பது ஸ்கொட்லாந்தின் அபர்டீன்ஷயரில் உள்ள ஒரு கிராமத்தின் பெயர். இங்கே தோட்டம் போட வந்தவர் தன் ஊர்ப் பெயரைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டார். கோச்சி 1884இல் இங்கே வந்தது. 1931இல் நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியபோது அதற்குக் களமாக இருந்ததும் இந்த ஊர்தான். இன்றும் டவுன் முழுக்கத் தமிழ் காதில் விழும்.

பஸ் மாறும் இடைவெளியில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் நுழையுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. நீங்கள் எதுவும் கேட்பதற்கு முன்பே ஒரு தட்டு வந்து மேசையில் இறங்கும்: உளுந்து வடை, பருப்பு வடை, முக்கோணமாக மடித்த மரக்கறி ரொட்டி, றோல்ஸ், மீன் பணிஸ். அத்தனையும் உங்களுக்கில்லை. தின்றதை எண்ணிக் காசு வாங்குவார்கள். மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். முதல் முறை வந்த என் சென்னை நண்பர் ஒருவர் மரியாதைக்காக ஒன்பது உருப்படியையும் தின்று முடித்தார். தட்டில் மேலாக இருப்பதை விட்டு, சூடாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

"தம்பி, பால் தேத்தண்ணியா, ப்ளேன்டியா?"

"ப்ளேன்டி ஒண்ணு குடுங்கண்ணே. இஞ்சி போட்டு."

இந்த உரையாடலைப் பாடம் செய்துகொண்டால் நாள் முழுக்க உதவும். பால் தேத்தண்ணி என்றால் பெரும்பாலும் பால்மாவிலோ டின் பாலிலோ போட்டது. இனிப்புத் தூக்கலாக இருக்கும். மலைநாட்டுக்கு வந்து மலைநாட்டுத் தேயிலையின் ருசி தெரிய வேண்டுமென்றால் ப்ளேன்டி. மரக்கறிக்காரர்கள் கவனிக்க: சம்பலில் மாசி இருக்கும். "மாசி போடாதது இருக்கா" என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஏறும் பாதை

ஹட்டனிலிருந்து நூரளை 45 கிலோமீற்றர் அளவுதான், ஆனால் வளைவுகள் அதிகம். கொட்டகலை தாண்டியதும் டெவன் நீர்வீழ்ச்சி, 97 மீற்றர். அதற்கடுத்து சென் கிளயர், 80 மீற்றர். சென் கிளயரைக் குட்டி நயாகரா என்பார்கள். இப்போது அந்தப் பட்டம் கொஞ்சம் பெரிது. 2012இல் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் ஓடத் தொடங்கிய பின் தண்ணீர் திசை திரும்பிவிட்டது. பழைய படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏமாறுவார்கள். டெவன் அதே அழகோடு இருக்கிறது. பஸ் நிற்காது, ஜன்னலோரம் பிடியுங்கள். வான் பிடித்து வந்திருந்தால் இறங்கி நின்று, பையிலிருக்கும் ரொட்டியில் ஒன்றை இங்கே முடித்துவிடலாம். கடைகளில் காட்சிக்கும் சேர்த்து விலை வைப்பார்கள்.

தலவாக்கலைக்கு அருகே சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வான் சாரதி நேரம் மிச்சம் பிடிக்க ரதெல்லக் குறுக்குப் பாதையில் இறங்கவோ ஏறவோ பார்த்தால், வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அது செங்குத்தானது. 2023 ஜனவரியில் அங்கே பஸ்ஸும் வானும் ஓட்டோவும் மோதியதில் ஏழு பேர் இறந்தார்கள். பத்து நிமிட மிச்சம் எவருக்கும் தேவையில்லை.

வெள்ளைக்காரன் கட்டிய ஊர்

நூரளைக்கு 1868 மீற்றர் உயரம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் காதில் குளிர் அடிக்கும். சுவெட்டர் மறந்திருந்தால் கவலை வேண்டாம், பேல் பஸார் இருக்கிறது. ஏற்றுமதியில் மிஞ்சியதும் கழிக்கப்பட்டதுமான கம்பளி உடுப்புகள் மலையாகக் குவிந்திருக்கும் சந்தை அது. நான் முதல் தடவை சட்டையோடு மட்டும் போய் நடுங்கி, அங்கே வாங்கிய பச்சைச் சுவெட்டரைப் பதினைந்து வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். சொன்ன விலையில் பாதியிலிருந்து பேரத்தை ஆரம்பியுங்கள்.

இந்தச் சமவெளியை ஐரோப்பியர் உலகத்துக்குச் சொன்னது 1819இல், ஜோன் டேவி என்ற வைத்தியர் வழியாக. 1820களின் பிற்பகுதியில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் படைக்காரர் உடம்பு தேறும் இடமாக இதை ஆக்கித் தனக்கும் ஒரு வீடு கட்டினார். இன்றைய கிராண்ட் ஹோட்டல் அந்த வீட்டிலிருந்து வளர்ந்ததுதான். பிறகு வந்தவர் சாமுவேல் பேக்கர், பின்னாளில் ஆபிரிக்காவில் அல்பர்ட் ஏரியைத் தேடிப் போன அதே ஆள். 1848இல் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் கால்நடைகளையும் விவசாயக் கருவிகளையும் கொண்டுவந்து, ஆங்கிலக் கிராமம் ஒன்றை இங்கே நட்டுவைக்கப் பார்த்தார். அதே காலத்தில் நீலகிரியில் ஊட்டி வளர்ந்துகொண்டிருந்தது. இரண்டு ஊர்களையும் பார்த்தவர்களுக்கு ஒரே தையற்காரர் தைத்த இரண்டு சட்டைகள் போலத் தெரியும்.

தபால் நிலையத்திலிருந்து நடக்கத் தொடங்குங்கள். 1894இல் கட்டியது, செங்கல், கூர்கூரை, மணிக்கூண்டு. முக்கியம் என்னவென்றால் அது இன்னமும் தபால் நிலையம். 2023 நவம்பரில் அதைச் சுற்றுலா ஹோட்டலுக்குக் கொடுக்கும் பேச்சு வந்தபோது நாடு முழுக்கத் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உள்ளே போய் ஒரு தபாலட்டை வாங்கி ஊருக்கு அனுப்புங்கள். அங்கே வாடிக்கையாளராக நிற்பதுதான் அந்தக் கட்டடத்துக்கு நாம் செய்யக்கூடிய உபகாரம்.

எதிரில் விக்டோரியாப் பூங்கா. ராணியின் ஆட்சி அறுபதாண்டு நிறைந்த 1897இல் அவர் பெயரை வைத்தார்கள். பூக்களைவிடப் பறவைகளுக்காகவே நான் இங்கே போவேன். குளிர்காலத்தில் ஆறுமணிக்குருவியும் காஷ்மீரிலிருந்து வரும் ஈப்பிடிப்பானும் ஓடை ஓரத்துப் புதரில் அகப்படும். பறவையில் நாட்டமில்லாதவர்கள் அரை மணியில் வெளியே வந்துவிடலாம்.

பகல் சாப்பாடு: சந்தைப் பக்கம்

பகல் சாப்பாட்டுக்கு ஏரிக்கரைக்கோ பெரிய ஹோட்டலுக்கோ போகாமல் நியூ பஸார் வீதிப் பக்கம் திரும்புங்கள். மத்திய சந்தையை முதலில் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். லீக்ஸ், கரட், பீட்ரூட், கோவா, நோக்கோல், போஞ்சி. இந்த நாட்டின் மற்றப் பாகத்தில் லொறியில் வந்து வாடிப் போய்த் தெரியும் மரக்கறிகள் இங்கே அன்று காலை பிடுங்கிய ஈரத்தோடு கிடக்கும். லீக்ஸின் வெள்ளைத் தண்டு குழந்தையின் கை பருமனில் இருக்கும். மரத்தக்காளி என்று சிவப்பாக முட்டை வடிவில் ஒரு பழம் விற்பார்கள். சீனி போட்டுக் கரைத்துக் குடிக்க நன்றாயிருக்கும், அப்படியே கடித்தால் முகம் சுளிக்கும்.

உருளைக்கிழங்கு வாங்குகிறவர்கள் மட்டும் கொஞ்சம் நிற்கவும். நூரளைக் கிழங்குக்கு மாப்பிடிப்பு அதிகம், ஆகவே விலையும் அதிகம். அந்த விலைக்காகவே வெளிநாட்டுக் கிழங்கில் செம்மண்ணைப் பூசி நூரளைக் கிழங்கென்று விற்கும் வேலை பல வருடமாக நடக்கிறது. விரலால் தேய்த்துப் பாருங்கள். ஊர்க் கிழங்கில் மண் தோலின் குழிகளுக்குள் போயிருக்கும். பூசிய மண் மாவு போல உதிரும். சந்தேகமாக இருந்தால் விற்கிற அக்காவிடமே கேளுங்கள். "இது ஊர்க் கிழங்காக்கா?" என்று தமிழில் கேட்ட எனக்கு, பலகைக்கு அடியிலிருந்து வேறு கூடை வந்த அனுபவம் உண்டு.

சந்தைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் பலகையில் 'மரக்கறிச் சாப்பாடு' என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். சோறு, பருப்பு, கிழங்குப் பால்கறி, லீக்ஸ் வறுவல், பீட்ரூட், அப்பளம், மோர் மிளகாய். மச்சக்காரர்களுக்குக் கருவாட்டுப் பொரியல் தனியே கிடைக்கும். கடையில் சமையல் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை சொல்கிறேன்: லீக்ஸைப் பாருங்கள். பச்சை நிறம் மாறாமல், ஓரத்தில் லேசாகச் சுருண்டு, மஞ்சள் பூசி வந்தால் அந்தச் சமையற்காரருக்குக் கை இருக்கிறது. குழைந்து சாம்பல் நிறத்தில் வந்தால் காலையிலேயே வைத்து மூடியது. எழுந்து பக்கத்துக் கடைக்குப் போவதில் தப்பில்லை.

லீக்ஸ் நம் காய் இல்லை. வெள்ளைக்காரன் தன் சூப்புக்காகக் கொண்டுவந்தது. அதை மஞ்சளும் கடுகும் கறிவேப்பிலையும் போட்டுத் தாளித்துச் சோற்றுக்கு ஆக்கியது யார் அடுக்களை என்று யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை. ஆனால் நூரளையில் கண்டுபிடிக்கப்பட்ட எல்லாவற்றிலும் உருப்படியானது இந்த லீக்ஸ் வறுவல் என்பது என் கட்சி.

ஒரு கல்லறையும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும்

சாப்பிட்ட பின் நடக்க ஏற்றது கோல்ஃப் மைதானத்துப் பக்கம். 1889இல் தொடங்கிய கழகம் அது. மைதானத்துக்குள் பழைய இடுகாடு ஒன்று இருக்கிறது, அதில் மேஜர் தோமஸ் ரோஜர்ஸின் கல்லறை. 1400க்கு மேல் யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று பேசப்படுகிறவர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். இங்கே கொண்டுவந்து புதைத்த பின் கல்லறையையும் மின்னல் அடித்துப் பிளந்ததாகச் சொல்வார்கள். யானைகளின் சாபம் என்று ஊரில் கதை. சாபமோ இல்லையோ, உயரமான திறந்த மேட்டில் கல் நட்டால் மின்னல் தேடி வருவது இயற்கைதான். பார்க்க வேண்டுமென்றால் கழகத்தில் அனுமதி கேட்டுப் போங்கள். மைதானத்தின் குறுக்கே நடக்காதீர்கள், பந்து தலையில் விழும்.

1852இன் ஹோலி டிரினிட்டி தேவாலயத்து முற்றத்திலும் துரைமார்களின் கல்லறைகள் இருக்கின்றன. பெயர், பிறந்த ஊர், இறந்த திகதி எல்லாம் செதுக்கியிருக்கும். நான் அங்கே நின்று ஒவ்வொன்றாக வாசிப்பேன். என் தாத்தாவைப் புதைத்த இடம் எதுவென்று என் அப்பாவுக்கே சரியாகத் தெரியாது. அந்த மலையில் இப்போது கொழுந்து எடுக்கிறார்கள்.

மாலை நாலு மணிக்குப் பெரிய ஹோட்டல்களின் புல்வெளியில் 'ஹை டீ' போடுவார்கள்: மூன்று அடுக்குத் தட்டில் சாண்ட்விச்சும் கேக்கும், வெள்ளைக் கோப்பையில் தேத்தண்ணியும். போகலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வேன். கொழுந்து எடுப்பவரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயைத் தொட்டதே 2021இல்தான். 2024இல் 1350 ஆனது. ஒருவருக்கான ஹை டீ அதைத் தாண்டும். இதைத் தெரிந்துகொண்டே ஒரு தடவை போய் உட்காருங்கள் என்பதுதான் என் யோசனை. நமக்கும் அந்த நாற்காலி உண்டு. கேக்கைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. தேத்தண்ணி மட்டும் அசல். நூரளைத் தேயிலைக்குச் சாயம் வெளிறியது, மணம் மெல்லியது. பால் ஊற்றினால் செத்துப்போகும். வெறுமையாகக் குடியுங்கள். ஹில் கிளப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 1876இல் தொடங்கிய அந்தக் கழகத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு ஆண்கள் கோட்டும் டையும் அணிய வேண்டும் என்ற பழைய விதி உண்டு. நம் ஒரு நாள் சுற்றுக்கு அது ஒத்துவராது.

கூட வயசானவர்கள் இருந்தால் கல்லறையையும் ஹை டீயையும் விட்டுவிட்டு வெலிமடை பஸ்ஸில் சீத்தாஎலிய போங்கள். டவுனிலிருந்து ஐந்து கிலோமீற்றர். சீதையம்மன் கோயில் சின்னது, அருகில் ஓடும் ஆற்றுச் சத்தம் பெரியது. 2024 மே மாதம் கும்பாபிஷேகம் நடந்து வர்ணம் புதிதாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனால் ஹக்கலைப் பூங்கா. மலேரியாவுக்குக் கொயினா மருந்து எடுக்கும் சிங்கோனா மரம் வளர்க்க 1861இல் போட்டது, இன்று ரோசாவுக்குப் பேர் பெற்றது. தேயிலை ஸ்டோர் பார்க்க ஆசையிருந்தால் டவுனுக்குக் கிட்டிய பீட்ரு தோட்டம். மூன்றையும் ஒரே நாளில் அடைக்காதீர்கள். ஒன்று போதும்.

எங்கே போனாலும் கொழுந்து எடுக்கிற பெண்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். "அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேட்டால் தலையாட்டுவார்கள், அல்லது மாட்டார்கள். வேலை நேரத்தில் ஒரு நிமிடம் நின்றால் கூடையில் அவ்வளவு குறையும். அன்றைய நிறுவையில் அது தெரியும். படத்துக்குக் காசு கேட்கிறார்களே என்று முகம் சுளிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஏரிக்கரை, பிறகு வீடு

கிரகரி வாவி 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் சதுப்பு நிலத்தில் ஓடையை மறித்து உண்டானது. படகு, குதிரைச் சவாரி, பலூன் என்று திருவிழாக் கடைத்தெரு போல ஆகிவிட்டது. எனக்கு அங்கே வேண்டியது இரண்டுதான்: உப்புத் தண்ணியில் அவித்த சோளம், மிளகாயும் தேங்காயும் போட்டுத் தாளித்த கடலை. சோளமும் மெக்சிக்கோப் பக்கத்துப் பயிர்தான். கை சூடாகவும் வாய் சூடாகவும் ஏரியைப் பார்த்தபடி நிற்கலாம்.

வீட்டுக்கு வாங்க வேண்டியது தேயிலையும் லீக்ஸும். பெட்டியின் அழகைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் பாருங்கள். வெறுமையாகக் குடிக்க பி.ஓ.பி., கொஞ்சம் அழுத்தமாக வேண்டுமென்றால் பி.ஓ.பி.எஃப்., பால் போட்டுக் குடிக்கிறவர்களுக்கு டஸ்ட். இந்தத் தேயிலையைத் தோட்டத்து வீட்டில் குடிப்பதில்லையா என்று றொசல்லையில் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

திரும்ப நானுஓயாவில் கோச்சி பிடிப்பது அழகான வழி. டவுனிலிருந்து ஏழெட்டுக் கிலோமீற்றர் பஸ்ஸிலோ ஓட்டோவிலோ இறங்க வேண்டும். ஒரு காலத்தில் அங்கிருந்து நூரளை வழியாக இராகலைவரை குறுகிய தண்டவாளத்தில் சின்னக் கோச்சி ஓடியது, 1940களில் மூடிவிட்டார்கள். காலையில் வரும்போதே இறங்கு வண்டிகளின் நேரத்தையும், எது றொசல்லையில் நிற்கும், எது ஹட்டனோடு சரி என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒதுக்கிய ஆசனம் கிடைக்காவிட்டால் மூன்றாம் வகுப்பு டிக்கட் எடுத்துக் கதவோரம் நில்லுங்கள். கிரேட் வெஸ்டர்ன் மலை பின்னால் போகும், வட்டகொடை, தலவாக்கலை, கொட்டகலை. கூடைக்காரர் வடை கொண்டுவருவார். சுருட்டிக் கொடுக்கும் காகிதம் யாரோ ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பியாக இருக்கும். கொட்டகலை தாண்டிச் சிங்கமலைச் சுரங்கம், அரைக் கிலோமீற்றருக்கு மேல் இருட்டு. பெட்டியிலுள்ள பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். வெளியே வந்தால் ஹட்டன்.

இரவில் பசித்தால் ஹட்டனில் ஒரு கொத்து ரொட்டி. கல்லில் தகடு அடிக்கும் சத்தம் கேட்கும் கடைக்குள் போங்கள். முழுத் தட்டு இரண்டு பேருக்குப் போதும்.

றொசல்லையில் இறங்கும்போது இருட்டியிருக்கும். ஸ்டேசனில் ஓட்டோ நிற்பது நிச்சயமில்லை, தோட்டப் பாதையில் எல்லா இடத்திலும் விளக்கும் இல்லை. டோர்ச் லைட் ஒன்று பையில் இருக்கட்டும். மழைக்காலமென்றால் அட்டைக்குக் கொஞ்சம் உப்பும்.